மாலை போட்ட இரண்டாம் நாள் வலிப்பு: தம்பிக்கு இப்போது என்ன செய்வது?

செல்லூர்க்காரி
நவம்பர் 19, காலை 7.10

என் தம்பிக்கு வயது 38. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறான். இரவு ஒரு மணிக்குப் போனால் காலை பத்து மணிக்குத்தான் திரும்புவான். நாளொன்றுக்கு இரண்டு குவார்ட்டர், கூலி கூடுதலாக வந்தால் மூன்று. பத்து வருடமாக இப்படித்தான். எழுந்ததும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளாவிட்டால் டீ கிளாஸ் அவன் கையில் நிற்காது.

இந்த வருடம் அவனாகவே வந்து, "அக்கா, மலைக்குப் போகிறேன்" என்றான். அம்மா அழுதே விட்டார். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டான். அன்றிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை. நேற்று இரவு பஜனை முடிந்து வந்து படுத்தவனுக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. வாயில் நுரை, நாக்கில் கடி. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விடியற்காலையில் இருந்து உடம்பெல்லாம் நடுக்கம், சட்டை நனைகிற வியர்வை. சற்று முன் அவன் மனைவி யாருக்கும் தெரியாமல் அரை கிளாஸ் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். நடுக்கம் அடங்கிவிட்டது. மாலை கழுத்தில் கிடக்கும்போதே குடித்துவிட்டானே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். மாமா ஒரு குடிமறப்பு மையத்தின் எண் வைத்திருக்கிறார், வேன் அனுப்பி ஆளைத் தூக்கிப் போவார்களாம். மதினியோ பஸ் நிலையச் சுவரில் பார்த்த "அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்" மருந்தை வாங்கலாம் என்கிறாள். நான் யார் பேச்சைக் கேட்பது?

சிம்மக்கல் சுந்தரம்
நவம்பர் 19, காலை 7.14

யார் பேச்சையும் கேட்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இரவுப்பணி
நவம்பர் 19, காலை 7.31

நான் செவிலியர், இருபது வருடம் வார்டில் இரவுப் பணி பார்த்தவள். அக்கா, இதை வாசித்ததும் கிளம்புங்கள். நேராகக் கோரிப்பாளையம் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. கேட்டவுடன் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: தினம் எவ்வளவு குடிப்பான், கடைசியாக எப்போது குடித்தான், வலிப்பு எத்தனை மணிக்கு வந்தது. காலையில் கொடுத்த அரை கிளாஸையும் மறைக்க வேண்டாம். வெட்கப்பட்டு அளவைப் பாதியாகச் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மருந்தின் அளவு அதை வைத்துத்தான் முடிவாகிறது.

ஏன் வலிப்பு வந்தது என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமே, அதற்காக எழுதுகிறேன். ஒரு கதவை வெளியே இருந்து ஒருவன் பத்து வருடமாகத் தள்ளுகிறான், உள்ளே இருப்பவன் அதே பலத்தோடு எதிர்த்துத் தள்ளுகிறான் என்று வையுங்கள். வெளியே இருப்பவன் திடீரென்று விலகினால் உள்ளே இருப்பவன் தெருவில் போய்க் குப்புற விழுவான். சாராயம் மூளையை அடக்கி அடக்கி, மூளை அதற்கு எதிராக முறுக்கேறிக் கிடக்கிறது. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளில் இருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றல், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல். அந்தப் பிதற்றலைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். தம்பி மாலை போட்ட இரண்டாம் நாள் விழுந்ததில் சாமிக்கு வேலையே இல்லை, அது உடம்பின் கணக்கு.

குளுக்கோஸ் பற்றி ஒன்று. நம் ஊரில் யார் சோர்ந்து போனாலும் "ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்" என்று நம்புகிறோம். நாட்பட்ட குடிகாரர் உடம்பில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து, நடை தள்ளாடி, கண் ஓடி, நினைவே குழம்பும். முதலில் தயமின் ஊசி, அதன் பிறகு குளுக்கோஸ். இதை ஆஸ்பத்திரியில் தைரியமாகக் கேளுங்கள்.

இரும்புச் சாவி எதற்கும் உதவாது. அடுத்த முறை வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

தம்பி மனைவி கொடுத்த அரை கிளாஸுக்காக அவளைத் திட்டாதீர்கள். கட்டில் கிடைக்கிற வரைக்கும் அதுதான் அவனை இன்னொரு வலிப்பில் இருந்து தள்ளி வைத்தது.

விளாச்சேரி வாத்தியார்
நவம்பர் 19, காலை 8.02

மன்னிக்க வேண்டும், என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மாலை போட்டவனுக்கு வீட்டில் உள்ளவர்களே ஊற்றிக் கொடுத்ததை ஒரு செவிலியர் நியாயப்படுத்துகிறார். என் அப்பா கல்லீரல் கெட்டு வயிறு ஊதி இறந்தார். "கொஞ்சமாகக் குடியுங்கள்" என்று அவருக்கு நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள் ஏராளம். கொஞ்சம் என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் பொருளே இல்லை. தீங்கைக் குறைப்பது என்று இப்போது புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். கடையை மூடுவதைத் தவிர எல்லா யோசனையும் இங்கே வருகிறது.

இரவுப்பணி
நவம்பர் 19, காலை 8.20

ஐயா, உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன். ஆனால் நான் சொன்னது இன்றைய காலைக்கு மட்டும். நாளைக்கு அவன் குடிக்க வேண்டுமா என்பது வேறு பேச்சு. பிணத்துக்கு யாரும் குடிமறப்புச் சிகிச்சை கொடுக்க முடியாது.

கடையை மூடுவதைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். ஆனால் 2020 மார்ச் கடைசியில் எல்லாக் கடையும் ஒரே நாளில் மூடியபோது வலிப்போடும் பிதற்றலோடும் வந்தவர்களைப் பார்த்தவள் நான். மூடுகிற அன்றைக்கு இவர்களை யார் பார்த்துக்கொள்வது என்றும் யோசித்துவிட்டு மூடட்டும்.

சிம்மக்கல் சுந்தரம்
நவம்பர் 19, காலை 8.41

இரண்டு பேரும் பிறகு சண்டை போடுங்கள். அக்கா கிளம்பினாரா?

செல்லூர்க்காரி
நவம்பர் 21, இரவு 9.30

கிளம்பினோம். சேர்த்துவிட்டோம். மனநலப் பிரிவில் இருக்கிறான். முந்தாநாள் இரவு என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். சுவரில் எறும்பு ஊர்கிறது என்றான். பிறகு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தக்காளிப் பெட்டி எண்ணத் தொடங்கினான். "நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, அண்ணே, இது அழுகல் பெட்டி, தனியாக வை" என்று, மார்க்கெட்டில் பேசுகிற அதே குரலில். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர், "பாவம், தூக்கத்திலும் சுமக்கிறான்" என்றார்.

இன்று தெளிந்துவிட்டான். மாலையைக் கழற்றிப் பூஜை அறையில் வைத்துவிட்டோம், அம்மா இன்னும் சமாதானமாகவில்லை. ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்புவார்களாம். என் பயம் அதற்குப் பிறகுதான். மார்க்கெட் வாசலில் இருந்து வீடு வரைக்கும் வழியில் எத்தனை கடை என்று எனக்குத் தெரியும்.

வைகை வடகரை
நவம்பர் 21, இரவு 10.45

தங்கச்சி, அந்தப் பெட்டி எண்ணிக்கையைப் படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவன். அதே பிரிவில் கட்டிலில் உட்கார்ந்து இரவு முழுக்க டிக்கெட் கிழித்துக் கொடுத்தேனாம். "ஆரப்பாளையம் எல்லாம் இறங்கு" என்று கத்தினேனாம். (அந்த ஆஸ்பத்திரியை என் அப்பா கடைசி வரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே சொல்வார். 1937இல் சேலத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்த ராஜாஜியின் பெயர் இன்று அதற்கு. அவர் பெயர் எழுதிய போர்டுக்குக் கீழேதான் எங்களைப் போன்றவர்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.)

இந்த மார்ச்சோடு நான் குடிக்காமல் 11 வருடம். மாத்திரை என்னைப் பிழைக்க வைத்தது. அதன் பிறகான வருடங்களுக்குக் காரணம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம், ஏ.ஏ. என்போமே, அதுதான். 1935இல் அமெரிக்காவில் ஆக்ரான் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது. "குடியை விட வேண்டும் என்ற ஆசை" ஒன்றுதான் சேருவதற்குத் தகுதி. கட்டணம் கிடையாது, வெளியாரிடம் நன்கொடை வாங்குவது கிடையாது. டீச் செலவுக்கு ஒரு டப்பா சுற்றி வரும், இருந்தால் போடலாம். பேர் சொல்ல வேண்டியதில்லை. யாரும் அறிவுரை சொல்ல மாட்டார்கள், அது எனக்குப் பெரிய நிம்மதி. அதுவரை என் வாழ்நாளில் எனக்கு இலவசமாகக் கிடைத்தது அறிவுரை மட்டும்தான். அங்கே ஒருவர் எழுந்து தன் கதையைச் சொல்வார். பாதியில், "இது என் கதை ஆயிற்றே, இவருக்கு யார் சொன்னது" என்று தோன்றும்.

ஆனால் முதல் கூட்டத்துக்கே நான் குடித்துவிட்டுத்தான் போனேன். பின்னால் உட்கார வைத்தார்கள். வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது கூட்டத்துக்கும் குடித்துவிட்டுப் போனேன். வாத்தியார் ஐயாவுக்குச் சொல்கிறேன்: ஒரு கிளாஸ் கூட எனக்கு ஆகாது என்பதில் நான் உங்கள் கட்சி. எனக்குக் கொஞ்சம் என்பதே கிடையாது. ஆனால் அந்த ஐந்து கூட்டத்திலும் குடித்திருந்த என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தால் ஆறாவது கூட்டமே இல்லை.

அந்தச் சுவரொட்டி மருந்து விஷயம். மதினியிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லுங்கள், வேண்டாம். என் மனைவி அதே போன்ற பொட்டலத்தை ரசத்தில் கலந்தாள். எனக்குத் தெரியாது. மாலையில் வழக்கம்போலக் குடித்தேன். பத்து நிமிடத்தில் முகம் நெருப்பாகிவிட்டது, நெஞ்சு அடித்துக்கொண்டது, வாந்தி, இரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விட்டது. டைசல்பிராம் என்ற மாத்திரையின் தூளாக இருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அது கெட்ட மருந்து இல்லை. குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்து, ஒப்புக்கொண்டு, இதயத்தையும் கல்லீரலையும் சோதித்துவிட்டு விழுங்குகிறவனுக்கு அது வேலி. தெரியாதவனுக்கு அது கண்ணி. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பிறகும் அது வேலை செய்யும். இன்னொன்று, அன்றைக்குப் பிறகு ஆறு மாதம் நான் வீட்டில் சாப்பிடவே இல்லை. என் மனைவியின் ரசத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. அதற்கு மருந்தே கிடையாது.

ஒத்தக்கடை வழக்கறிஞர்
நவம்பர் 22, மதியம் 1.15

வேன் அனுப்பும் மையத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன், ஏனென்றால் என் மூத்த சகோதரரை அப்படி ஒரு இடத்தில் விட்டுவிட்டு 40 நாள் கழித்துப் பார்த்தபோது கணுக்காலில் காப்பு மாதிரி தழும்பு இருந்தது. நாங்களே கையெழுத்துப் போட்டு, நாங்களே பணம் கட்டினோம். வெளியே வந்த அன்று மாலையே அவர் குடித்தார், எங்கள் மேல் இருந்த கோபத்தில்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பயன்பாட்டால் வரும் மனநிலைச் சிக்கல்களையும் சேர்த்தே பேசுகிறது. அப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு தடை செய்கிறது. உள்ளே இருப்பவருக்குப் போனில் பேசவும், பார்க்க வருபவரைச் சந்திக்கவும் உரிமை உண்டு. ஆகவே மாமா வைத்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்து நான்கே கேள்வி கேளுங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டுவீர்களா? மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார்? முதல் வாரத்தில் நாங்கள் வந்து பார்க்கலாமா? அவனுக்கு விருப்பம் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

எல்லா மையமும் மோசம் என்று நான் சொல்லவில்லை. நன்றாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை.

திருமங்கலம் அம்மா
நவம்பர் 23, இரவு 11.50

எல்லோரும் குடியைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் மகன் குடிப்பதில்லை, வாசனையே வராது, அதனால் இரண்டு வருடம் எனக்குத் தெரியவே இல்லை. 22 வயது. வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். முழங்கைக்கு உள்பக்கம் கட்டி வந்து சீழ் பிடித்தபோதுதான் பார்த்தேன். போலீஸ் பிடிக்கும் என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறான். இங்கே கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

களத்துமேடு
நவம்பர் 24, காலை 6.05

அம்மா, கேட்டது மிகவும் நல்லது. நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தவன், இப்போது களப்பணியாளன். காலையிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் சீழ் பிடித்த கை காத்திருக்காது. சிவப்புக் கோடு மேலே ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ இன்றே போக வேண்டும். காயத்தைக் காட்டத்தான் போகிறான், வாக்குமூலம் கொடுக்க இல்லை என்று சொல்லி அழைத்துப் போங்கள். போதைப்பொருள் சட்டத்திலும் (1985) 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவு வைத்திருந்ததாகவோ உட்கொண்டதாகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கில் இருந்து விலக்குப் பெற வழி செய்கிறது. வழக்கறிஞர் அண்ணன் தவறு இருந்தால் திருத்தட்டும்.

அந்த மாத்திரை பெரும்பாலும் டாபென்டடாலாக இருக்கும். அபின் குடும்பத்து வலி மருந்து, விழுங்குவதற்காகச் செய்தது. மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்க்கும் மாவும் டால்க்கும் கரையாது. இரத்தக் குழாய்க்குள் போய் அடைக்கும், நுரையீரலில் படியும். கட்டி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நான் எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. அவன் நாளைக்கே விடப் போவதில்லை, அது உங்களுக்கும் தெரியும் அம்மா. ஆகவே அவனிடம் இதையும் சொல்லுங்கள். அடுத்தவன் ஊசியைத் தொடாதே, உன்னுடையதைக் கொடுக்காதே. கரைக்கும் தண்ணீர், பஞ்சு, மூடி எதையும் பங்கு போடாதே. தனியாகப் பூட்டிய அறையில் போடாதே. தூக்க மாத்திரையோடும் சாராயத்தோடும் சேர்க்காதே, மூச்சு நிற்பது பெரும்பாலும் அங்கேதான். பத்து நாள் நிறுத்தியிருந்தால் பழைய அளவுக்குத் திரும்பாதே. ஜெயிலில் இருந்து வந்த வாரத்தில், மையத்தில் இருந்து வந்த வாரத்தில் செத்த நண்பர்கள் எனக்கு மூன்று பேர். மனம் பழைய அளவை ஞாபகம் வைத்திருக்கிறது, உடம்பு மறந்துவிடுகிறது.

மயங்கிக் கிடந்தால், உதடு நீலம், குறட்டை மாதிரி இழுக்கும் மூச்சு, கண்மணி ஊசி முனை அளவு: 108. ஒருக்களித்துப் போடுங்கள். மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். நலோக்சோன் என்ற ஊசி மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும், ஆனால் அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும். எழுந்து உட்கார்ந்தான் என்று உடனே வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.

கை ஆறியதும் அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை, கூடவே மஞ்சள் காமாலை பி, சி சோதனை. சி வகை இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை போதும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அது இலவசம். புப்ரெனார்பின் என்ற மாற்று மருந்தும் இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைப்பது, தினமும் மையத்துக்குப் போய் ஊழியர் கண்ணெதிரே எடுத்துக்கொள்வது. அதைப் போட்ட பிறகுதான் நான் மூன்று வேளை சாப்பிட ஆரம்பித்தேன். யாரிடமும் பேசத் தயங்கினால் 14446, போதை மீட்பு உதவி எண், கட்டணம் இல்லை.

விளாச்சேரி வாத்தியார்
நவம்பர் 24, காலை 9.40

"இப்படி ஊசி போடு" என்று ஒரு தாயிடம் சொல்லி அனுப்புகிற நிலைக்கு வந்துவிட்டோம். சுத்தமான ஊசியை அரசே கொடுக்கிறது என்று கேள்விப்பட்டபோது நம்பவில்லை. என் மாணவன் ஒருவன் இதைப் படித்தால் அனுமதி என்று எடுத்துக்கொள்ள மாட்டானா?

களத்துமேடு
நவம்பர் 24, பகல் 11.20

ஐயா, ஊசி வாங்க எங்கள் கூடாரத்துக்கு முதல் தடவையாக ஊசி போடப் போகிறவன் ஒருவன்கூட வந்ததில்லை. வருபவன் எல்லாம் நான்கு வருடம், ஆறு வருடம் போட்டவன். புதியவனுக்கு எங்கள் முகத்தைப் பார்த்தாலே பயம், எங்கள் கையைப் பார்த்தால் அதைவிட. பழைய ஊசியைக் கொடுத்துப் புதியதை வாங்குகிற அந்த இரண்டு நிமிடம்தான், ஒரு நாளில் யாராவது அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற நேரம். அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஒருநாள் நான், "அண்ணே, அந்த நாக்கு மாத்திரை எங்கே கொடுக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

அரசு கொடுப்பது உண்மைதான். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 22ஆம் பிரிவில் அதைக் குற்றமாகக் கருதக் கூடாது என்று எழுதியே இருக்கிறது. இந்த யோசனை அதிகாரிகளுக்கு வந்ததும் இல்லை. 1984இல் ஆம்ஸ்டர்டாமில் ஊசி போடுபவர்கள் நடத்திய சங்கம் மஞ்சள் காமாலைக்குப் பயந்து தாங்களாகவே தொடங்கியது. அடிபட்டவன்தான் குழி எங்கே என்று சொல்வான்.

உங்கள் மாணவனிடம் தொடாதே என்றே சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொல்வேன். தொட்டுவிட்டவனிடம் சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது?

இரவுப்பணி
நவம்பர் 24, பகல் 12.02

ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். 2019இல் மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட, எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மிச்சம் 37 பேரை நாம் என்ன செய்வது என்பதுதான் இந்தச் சண்டையே. இன்னொரு கணக்கு: ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 விழுக்காடு. அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஓர் அளவாக வைக்கிறது. செல்லூர்க்காரி தம்பி தினம் 12 அளவு. "இரண்டே குவார்ட்டர்தான்" என்று சொல்பவர்கள் யோசிக்கட்டும்.

18ஆம் வருடச் சாமி
நவம்பர் 26, இரவு 8.15

சாமியே சரணம். நான் திருமங்கலம் பக்கம். போன வருடம் பதினெட்டாம் மலை முடித்துத் தென்னங்கன்று வைத்தேன். வருடம் 40, 50 பேருக்கு மாலை போட்டுவிடுகிறேன். செல்லூர்க்காரியின் அம்மாவுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தெய்வக் குற்றம் எதுவும் இல்லை. உயிருக்கு ஆபத்து வந்தால் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மருந்து சாப்பிடலாம். அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம். ஐயப்பன் அங்கேதான் இருப்பார்.

குற்றம் இருந்தால் என்னைப் போன்ற குருசாமிகள் மேல். ஐந்தாறு வருடத்துக்கு முன் என் கன்னிசாமி ஒருவரும் மூன்றாம் நாள் இப்படித்தான் விழுந்தார். "விரதத்தில் ஏதோ தப்புச் செய்திருக்கிறான்" என்று நானே சொன்னேன். அவர் பிழைத்தார். ஆனால் நான் சொன்ன சொல் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. இப்போது ஐப்பசி நடுவிலேயே ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, காலையில் கை நடுங்குமா என்று கேட்கிறேன். ஆமாம் என்றால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் மாலை. இந்த வருடம் நான்கு பேர் அப்படிப் போய்விட்டு வந்து போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் எல்லாம் பேசுவதைப் படித்துவிட்டு எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். படிப்பில்லாதவன், தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏ.ஏ. கூட்டம் என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, நாங்கள் 48 நாள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதானே? முதலாளியும் சாமி, மூட்டை தூக்குபவரும் சாமி. விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், மாலையில் பஜனை. ஒருவர் வரவில்லை என்றால் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார்கள். கடை வழியாகத் தனியாகப் போகிற நேரமே கிடையாது. குடிகாரன் என்று ஊரே சொன்னவரைப் பார்த்துப் பெரியவர்கள் எழுந்து நிற்கிறார்கள். 48 நாளும் அவர் குடிப்பதில்லை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

49ஆம் நாள்? மலையில் இருந்து வந்து மாலையைக் கழற்றுகிறோம். சாமி என்று கூப்பிட்டவன் "டேய்" என்று கூப்பிடுகிறான். பஜனை இல்லை, கதவு தட்ட ஆள் இல்லை. அன்று மாலையே கடை வாசலில் எங்கள் ஆட்கள் பாதிப் பேரைப் பார்க்கலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பட்டினி கிடந்தவன் மாதிரி குடிப்பார்கள்.

போன வருடம் ஒன்று செய்து பார்த்தோம். மாலை கழற்றிய பிறகும் வியாழக்கிழமை மட்டும் அதே இடத்தில் கூடுவது. பஜனை உண்டு, சுண்டல் உண்டு. குடித்தவரும் வரலாம், பின் வரிசையில் உட்கார்ந்தால் போதும். இருபது பேரில் தொடங்கி ஏழு பேரில் வந்து நின்றது. அந்த ஏழு பேரில் மூன்று பேர் இன்று வரை தொடவில்லை. நான்கு பேர் குடிக்கிறார்கள், ஆனால் வருகிறார்கள்.

வைகை வடகரை
நவம்பர் 26, இரவு 9.02

சாமி, ஏழு பேர் என்றால் பெரிய கூட்டம். நாங்கள் மழைக்காலத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு வியாழக்கிழமை நானும் வரலாமா? நான் முஸ்லிம், சுண்டல் மட்டும் போதும்.

18ஆம் வருடச் சாமி
நவம்பர் 26, இரவு 9.10

வாவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் நாங்கள் மலையே ஏறுகிறோம் பாய். வாருங்கள்.

இரவுப்பணி
நவம்பர் 27, காலை 6.30

சாமி சொன்னதோடு ஒரு மருத்துவச் செய்தி. வருடா வருடம் மாலைக்காகச் சட்டென்று நிறுத்துவதும், கழற்றியதும் முழு வேகத்தில் திரும்புவதும் நடந்தால் ஒவ்வொரு முறையும் நிறுத்தும்போது வருகிற தொந்தரவு முந்தியதைவிடக் கடுமையாகும். போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்பது இந்த வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஐப்பசியில் நீங்கள் கேட்கிற அந்த ஒரு கேள்வியை எல்லாக் குருசாமிகளும் கேட்டால் கார்த்திகை முதல் வாரத்தில் எங்கள் வார்டில் இரண்டு கட்டிலாவது காலியாக இருக்கும்.

திருமங்கலம் அம்மா
டிசம்பர் 2, மாலை 4.20

கையைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். யாரும் போலீசைக் கூப்பிடவில்லை. களத்துமேடு தம்பி எழுதியதை அவனிடம் அப்படியே காட்டினேன். படித்துவிட்டு, "இந்த ஆள் யாரம்மா, நேரில் பார்க்க முடியுமா?" என்றான். இரண்டு வருடத்தில் என்னிடம் அவன் கேட்ட முதல் கேள்வி.

களத்துமேடு
டிசம்பர் 2, மாலை 4.26

தனிச்செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன் அம்மா. எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லுங்கள்.

விளாச்சேரி வாத்தியார்
டிசம்பர் 5, இரவு 10.10

எனக்கு இன்னும் ஒப்பவில்லை, அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் காலையில் சாக்பீஸைப் பிடிக்கச் சிரமப்படுகிறார். மூன்று வாரமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முன்பு கவனித்ததில்லை. குடியின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வித் தாள் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே, அது தமிழில் கிடைக்குமா? அவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது?

இரவுப்பணி
டிசம்பர் 6, காலை 6.45

மனநலப் பிரிவில் கேட்டால் தருவார்கள் ஐயா. தாளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தேர்வு மாதிரி ஆகிவிடும். டீ வாங்கிக் கொடுத்து, "தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று தொடங்குங்கள். எல்லோரும் தூக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். மிச்சத்தை அவரே சொல்வார்.

செல்லூர்க்காரி
ஜனவரி 19, இரவு 8.40

நீண்ட நாள் எழுதவில்லை. தம்பி வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. வைகை வடகரை அண்ணன் சொன்ன கூட்டத்துக்கு ஞாயிறுதோறும் போகிறான். இரவு வேலையை விட்டுவிட்டுப் பகலில் எடை போடுகிற வேலை கேட்டிருக்கிறான், கூலி குறைவு. தயமின் மாத்திரை இன்னும் சாப்பிடுகிறான்.

மாட்டுப் பொங்கல் அன்று குடித்துவிட்டான். மறைக்கவில்லை. அவனே அண்ணனுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறான், எனக்கு முன்பே. அண்ணன் திட்டவில்லையாம், "சாப்பிட்டாயா?" என்று கேட்டாராம். மறுநாள் காலையில் பயந்துகொண்டே கையைப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. அம்மா மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவரே சோறு போட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். அவன் மனைவியும் வர ஆசைப்படுகிறாள். ஆனால் கைக்குழந்தை இருக்கிறது, அங்கே ஆண்கள்தான் இருப்பார்களோ என்று கூச்சம். வரலாமா?

வைகை வடகரை
ஜனவரி 19, இரவு 9.05

தாராளமாக வரச் சொல். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, பெரும்பாலும் பெண்கள்தான். என் மனைவி அங்கே பல வருடமாகப் போகிறாள். ரசக் கதையை அவள் பக்கத்தில் இருந்து சொல்வாள், அது வேறு மாதிரி இருக்கும். ஞாயிறு ஆறரை மணி. வாசலில் அவளே நிற்பாள்.

குழந்தை அழுதாலும் பரவாயில்லை. எங்கள் கூட்டத்தில் அழாதவர் யார்?

18ஆம் வருடச் சாமி
ஜனவரி 19, இரவு 9.31

தம்பியிடம் சொல்லுங்கள் அம்மா, வியாழக்கிழமையும் காலியாகத்தான் இருக்கும். இந்த வாரம் பதினொரு பேர் வந்தார்கள். சுண்டல் பற்றவில்லை.